மெழுகு ஆறும் விதம்: வீட்டு மெழுகுவர்த்தியின் மேற்பரப்புக் குறைகள்

மெழுகுவர்த்தியின் மேற்பரப்பில் தெரியும் குறைகளில் பெரும்பாலானவை மெழுகில் பிறப்பவை அல்ல. மெழுகு ஆறும் நேரத்தில் பிறப்பவை. குழி, வெடிப்பு, வளையக்கோடு, வெண்படலம், ஊசித்துளை, எண்ணெய்க் கசிவு என்று அவற்றுக்குப் பல பெயர்கள் உண்டு. அச்சில் ஊற்றியதிலிருந்து கையில் எடுக்கும்வரை மெழுகின் சூடு எந்த வேகத்தில், எந்தப் பக்கமாக வெளியேறியது என்று கண்டுபிடித்துவிட்டால் இவற்றில் பலவற்றுக்கும் விடை கிடைத்துவிடும். மெழுகு சரியில்லை என்று கடையை மாற்றுவதும், பொடி சரியில்லை என்று கலவையை மாற்றுவதும் அதற்குப் பிறகு செய்ய வேண்டிய வேலைகள்.

தருமபுரி மாவட்டத்தில் இந்தப் பொருளைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முளைவிட்ட இடம் இது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் முதல் குழுக்களை அமைத்தது தருமபுரியில்தான். கிருஷ்ணகிரி அப்போது இந்த மாவட்டத்தின் பகுதியாக இருந்தது, 2004-இல்தான் பிரிந்தது. குழுக்கள் கற்கும் கைத்தொழில்களில் ஊதுபத்தி, பினாயில், சோப்புத்தூள் ஆகியவற்றோடு மெழுகுவர்த்திக்கும் நெடுநாளாக இடம் உண்டு. ஒரு அடுப்பு, இரண்டு பாத்திரம், நான்கைந்து அச்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தால் தொழில் தொடங்கிவிடும்.

ஆனால் சந்தை மாறிவிட்டது. 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காக விற்றது. இருட்டில் ஏற்றும் மெழுகுவர்த்தியில் குழி இருக்கிறதா, கோடு இருக்கிறதா என்று யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை. இப்போது வாங்குகிறவர்கள் பிறந்தநாளுக்கும் பரிசுக்கும் கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாங்குகிறார்கள். மேசைமேல் வைத்துப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் வாங்கும் பொருளில் மேற்பரப்புதான் விலையைத் தீர்மானிக்கிறது. ஒரே மெழுகு, ஒரே திரி, ஒரே உழைப்பு இருந்தும் பொள்ளல் விழுந்தது பாதி விலைக்குப் போகிறது. பளபளப்பானது முழு விலைக்குப் போகிறது.

விற்பனை சூடுபிடிக்கும் மாதங்களும் குறைகள் மலியும் மாதங்களும் இங்கே ஒன்றாக அமைந்திருப்பது இன்னொரு சிக்கல். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். அதையடுத்துக் கார்த்திகை தீபம், பிறகு கிறிஸ்துமஸ். கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்களைக் கொண்ட இந்த மாவட்டத்துக்கு 1997-இல் தனி மறைமாவட்டமும் அமைந்தது. ஆகவே இந்த நாட்களில் மெழுகுவர்த்தித் தேவை கணிசமானது. அந்த நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையின் ஈரமும், தொடர்ந்து டிசம்பர், ஜனவரியின் காலைக் குளிரும் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் 37, 38 டிகிரி செல்சியஸைத் தொடும் ஊரில், மார்கழி அதிகாலையில் வெப்பநிலை 20-க்குக் கீழே இறங்குகிறது. கோடையில் பழகிய கை அதே பக்குவத்தில் டிசம்பரில் ஊற்றினால், அச்சைத் திறக்கும்போது வேறு பொருள் வருகிறது.

முதலில் மெழுகின் இயல்பு. பெரும்பாலோர் பயன்படுத்துவது பாரஃபின் மெழுகு. கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பிரியும் பொருள் இது. தமிழ்நாட்டில் மணலியிலுள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனம் இதைத் தயாரிக்கிறது. அசாமின் நுமாலிகர், திக்பாய் சுத்திகரிப்பு ஆலைகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருவதும் சந்தையில் உண்டு. வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி உருகுநிலை. அச்சில் வார்த்து நிமிர்ந்து நிற்க வேண்டிய மெழுகுவர்த்திக்கு 58 முதல் 60 டிகிரியில் உருகும் வகை ஏற்றது. அதைவிடக் குறைந்த வகை, மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வைத்தால் வளைந்துவிடும். இரண்டாவது கேள்வி எண்ணெய். பாரஃபினில் சுத்திகரிப்புக்குப் பிறகும் சிறிதளவு எண்ணெய் தங்கும். அது கூடுதலாக இருந்தால் மெழுகைத் தொடும்போதே விரலில் பிசுபிசுப்பு தெரியும். மேற்பரப்பில் திட்டுகள் விழும். இந்தியத் தரநிலை 4654 பாரஃபின் மெழுகை வகை பிரிப்பதிலும் எண்ணெய் அளவு முக்கியமான அளவுகோல்.

பாரஃபினோடு நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு ஸ்டியரிக் ஆசிட் பொடி சேர்ப்பது வழக்கம். அது மெழுகைக் கெட்டியாக்கும், வெண்மையாக்கும், அச்சிலிருந்து எளிதாகக் கழலச் செய்யும். அதைச் சேர்க்கும் கலவையைப் பித்தளையிலோ செம்பிலோ உருக்கக் கூடாது. அமிலம் உலோகத்தோடு வினைபுரிந்து மெழுகில் பச்சை ஏறும். எவர்சில்வர், அலுமினியம் இரண்டும் பொருத்தமானவை. எந்த மெழுகானாலும் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல் கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் வைத்து உருக்குவதே பாதுகாப்பு. அளவுக்கு மீறிச் சூடேறிய மெழுகு தீப்பிடிக்கும். அப்படிப் பிடித்தால் மூடியைப் போட்டு மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும் மெழுகு தெறித்துத் தீ கூரைவரை எழும். இதைப் பயிற்சி வகுப்பின் முதல் மணி நேரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி அச்சு. நம் ஊர்களில் சிறுதொழிலாகச் செய்பவர்களிடம் இருப்பது இரண்டு பாதிகளாகத் திறக்கும் அலுமினிய அச்சு. உட்புறத்தில் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு. மேலும் கீழும் உள்ள பள்ளங்களில் மாட்டித் திரி நூலை விறைப்பாக இழுத்துக் கட்டுவது. இரு பாதியையும் சேர்த்துக் கொக்கியை இறுக்குவது. மேலே உள்ள நீள வாய்க்காலில் மெழுகை ஊற்றுவது. பிறகு அச்சைத் தொட்டித் தண்ணீரில் இறக்கி ஆறவைப்பது. இறுகியதும் வாய்க்காலில் தேங்கிய மெழுகைக் கத்தியால் வழித்தெடுத்து, திரியை வெட்டி, அச்சைத் திறப்பது. இந்த ஆறு செயல்களில் ஒவ்வொன்றும் தன் அடையாளத்தை மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது.

எல்லோரும் முதலில் சந்திக்கும் குறை குழி. திரியைச் சுற்றிப் புனல்போல் உள்வாங்கிய பள்ளம். சில நேரம் வெளியே சிறு துளையாகத் தெரிந்து உள்ளே விரல் நுழையும் அளவு பொந்து. உருகிய பாரஃபின் இறுகி அறைச்சூட்டுக்கு வரும்போது அதன் கொள்ளளவு ஏறத்தாழப் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் சுருங்குகிறது. நூறு மில்லி ஊற்றினால் பத்து மில்லிக்கு மேல் காணாமல் போகிறது என்று பொருள். அச்சின் சுவரை ஒட்டிய மெழுகு முதலில் இறுகுகிறது. காற்றுப் படும் மேற்பகுதியும் ஆடை கட்டிவிடுகிறது. நடுவில் இருப்பது மட்டும் கடைசிவரை திரவமாக இருந்து, அது இறுகிச் சுருங்கும்போது நிரப்ப ஆளில்லாமல் வெற்றிடமாகிறது. இதை எந்தப் பொடியாலும் முழுதாகத் தடுக்க முடியாது. சுருங்கும் அளவுக்கு மெழுகு கொடுத்துக்கொண்டே இருப்பதுதான் வழி.

அலுமினிய அச்சின் மேலுள்ள வாய்க்கால் அதற்காகவே அமைந்தது. அதில் மெழுகு நிறைந்திருந்தால் கீழே சுருங்கச் சுருங்க மேலிருந்து இறங்கும். குழி வாய்க்காலில் விழும், மெழுகுவர்த்தியில் விழாது. மிச்சம் பிடிக்கிறோம் என்று அச்சு நிறைந்தவுடன் ஊற்றுவதை நிறுத்தினால், தலைகீழாக வார்க்கப்படும் மெழுகுவர்த்தியின் அடி பொள்ளலாகும். வாய்க்காலில் தேங்குவது மறுபடி உருக்கப்போகும் மெழுகு. அதில் சிக்கனம் தேவையில்லை. டம்ளர், சதுர அச்சு, தூண் வடிவ அச்சு போன்றவற்றில் வாய்க்கால் இல்லை. அங்கே மேல் ஆடை கட்டியதும் திரியை ஒட்டி மூன்று நான்கு இடங்களில் மெல்லிய கம்பியால் ஆழமாகக் குத்த வேண்டும். உள்ளே அடைபட்ட பொந்து திறக்கும். ஆடை மறுபடி மூடினால் மறுபடியும் குத்த வேண்டும். பிறகு, முதலில் ஊற்றியதைவிட ஐந்தாறு டிகிரி கூடுதல் சூட்டில் இரண்டாம் ஊற்று. கூடுதல் சூடு இருந்தால்தான் புதியது பழையதோடு ஒட்டும். இரண்டாம் ஊற்று முதல் மட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இறுகிய மெழுகுக்கும் அச்சுச் சுவருக்கும் இடையே வழிந்து பக்கவாட்டில் கறைபோல் படியும். இரண்டாம் ஊற்றைச் சோம்பல்பட்டுத் தவிர்ப்பவர்களே அதிகம். குழி விழுந்த மெழுகுவர்த்தி தோற்றத்தில் மட்டும் கெட்டதன்று. சுடர் அந்தப் பொந்தை எட்டியதும் உருகிய மெழுகெல்லாம் உள்ளே இறங்கி, திரி வறண்டு, புகைந்து அணைகிறது.

அடுத்தது மார்கழிக் குறை: பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் வளையக்கோடுகள். இரவெல்லாம் சிமெண்டுத் தரையில் கிடந்த அச்சு காலையில் சில்லென்று இருக்கும். அதில் மெழுகு பட்ட இடமெல்லாம் உடனே இறுகும். பின்னால் வரும் மெழுகு அதன்மேல் ஏறி அடுத்த இழையாக இறுகும். மெழுகின் சூடு குறைந்திருந்தாலும், தயங்கித் தயங்கி ஊற்றினாலும் கோடுகள் கூடும். தீர்வு மூன்று: அச்சை வெயிலிலோ வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலோ வைத்து, கைக்கு இளஞ்சூடு தெரியும்வரை சூடாக்குவது, மெழுகை 80 டிகிரியை ஒட்டி ஊற்றுவது, தொடங்கியதை நிறுத்தாமல் ஒரே சீராக ஊற்றி முடிப்பது. வெந்நீரின் மேல் வைத்த அச்சைத் திறந்து, ஈரம் போகத் துடைத்த பிறகே திரி கட்ட வேண்டும். முதல் தடவை வார்த்தவை மட்டும் கோடு விழுந்து, இரண்டாம் மூன்றாம் தடவை வார்த்தவை நன்றாக வந்தால், குறை அச்சின் குளிரில்தான் இருக்கிறது.

ஊசித்துளைகளும் குமிழ்களும் காற்றிலிருந்தோ நீரிலிருந்தோ வருகின்றன. உயரத்திலிருந்து ஊற்றும்போது மெழுகு காற்றை இழுத்துக்கொண்டு இறங்கும். அச்சின் விளிம்பை ஒட்டி ஊற்றி, பிறகு ஒரு குச்சியால் அச்சைச் சுற்றிலும் தட்டினால் காற்று மேலே வந்துவிடும். வறண்ட திரி நூலின் இழைகளுக்கிடையே காற்று இருக்கிறது; சூடான மெழுகில் அது குமிழியாக வெளியேறி, திரியைச் சுற்றி மணி கோத்ததுபோல் நிற்கும். திரியை முன்கூட்டியே உருகிய மெழுகில், குமிழி வருவது நிற்கும்வரை முக்கி, நேராக இழுத்து உலர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த திரிக்கு இது கட்டாயம். ஈரம் ஏறிய திரி வார்க்கும்போது மேற்பரப்பைக் கெடுக்கும். எரியும்போது படபடவென்று பொரியும்.

நீரால் வரும் குறைக்குத் தனி முகம் உண்டு. துளைகள் ஒழுங்கற்றுக் கொத்துக் கொத்தாக இருக்கும். அவற்றைச் சுற்றி மெழுகு வெளுத்திருக்கும். கொக்கி தளர்ந்த அச்சைத் தொட்டியில் இறக்கும்போது இரு பாதிகளும் சேரும் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடுகிறது. அதே விளிம்பில் மெழுகு வெளியே பிதுங்கி, திறந்தால் நீளவாக்கில் பிசிறு தெரியும். பிசிறும் வெளுப்பும் ஒரே கோட்டில் இருந்தால் கொக்கியை மாற்ற வேண்டும். விளிம்பில் ஒட்டிய பழைய மெழுகைச் சுரண்டிவிட வேண்டும். முந்தைய வார்ப்பு முடிந்து எடுத்த அச்சைத் துடைக்காமல் அடுத்ததற்குப் பயன்படுத்துவதும் இதே குறையைத் தரும். மாவட்டத்தின் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. அந்த நீர் அச்சின்மேல் காய்ந்தால் வெள்ளைப் புள்ளியாகப் படியும். நாளடைவில் உட்புறம் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு மெழுகுவர்த்தியிலும் அச்சாகப் பதியும். வேலை முடிந்ததும் அச்சை உலர்ந்த துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, மூடி வைப்பது நல்ல பழக்கம்.

எண்ணெய் பூசுவதிலும் அளவு இருக்கிறது. துணியில் எண்ணெய் இருக்க வேண்டும், அச்சில் எண்ணெய் தெரியக் கூடாது. கூடுதலாகப் பூசினால் அது அச்சின் அடியில் வழிந்து தேங்குகிறது. மெழுகுவர்த்தியின் நுனி மங்கி, அலையலையாக, சிறு பள்ளங்களோடு வரும். உடல் பளபளப்பாகவும் நுனி மட்டும் மங்கலாகவும் இருந்தால் காரணம் தேட வேறெங்கும் போக வேண்டாம்.

வெடிப்பு அவசரத்தின் அடையாளம். அச்சைச் சீக்கிரம் காலி செய்ய வேண்டும் என்று ஐஸ் போட்ட நீரில் இறக்குவது, ஃப்ரிட்ஜில் வைப்பது, அதிலும் ஃப்ரீசரில் வைப்பது, இவற்றால் வெளிப்பகுதி சட்டென்று சுருங்கி விறைக்கிறது. உள்ளே இன்னும் சூடாக விரிந்திருக்கும் பகுதி அதற்கு ஈடுகொடுக்காமல் போகவே வெளிப்பகுதி கீறுகிறது. கீறல் சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகளாக உள்ளுக்குள் ஓடும். தொட்டித் தண்ணீர் 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். கோடையில் தொடர்ந்து வார்க்கும்போது தொட்டி நீரே சூடேறிவிடும். அப்போது நீரை மாற்றலாம், ஐஸ் போட வேண்டியதில்லை. மார்கழியில் இதற்கு நேர்மாறாக, காலை முதல் வார்ப்புக்குத் தொட்டியில் ஒரு குடம் வெந்நீர் கலக்க வேண்டியிருக்கும்.

அவசரம் வெடிப்பைத் தருவதுபோல் அளவுக்கு மீறிய தாமதமும் ஒரு குறையைத் தருகிறது. தண்ணீரில் இறக்காமல் மே மாத அறையில், 36 டிகிரியில் தானாக ஆறட்டும் என்று விட்டால் பாரஃபினின் படிகங்கள் நிதானமாகப் பெரிதாக வளரும். மெழுகிலுள்ள எண்ணெய் அந்தப் படிகங்களுக்கு இடையே ஒதுங்கும். மேற்பரப்பு ஒரே சீராக இல்லாமல், நட்சத்திரப் பூக்களும் மேகத்திட்டுகளும் பதிந்ததுபோல் தெரியும். வாசனை எண்ணெய் கூடினாலும் இதே திட்டு. சிலர் இதை அழகென்று வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள். அது தவறன்று, ஆனால் பத்து மெழுகுவர்த்தியில் மூன்றில் மட்டும் இருந்தால் அழகு என்று சொல்லி விற்க முடியாது. பளபளப்பு வேண்டுமானால் உலோக அச்சு, மிதமான தண்ணீர், அளவான வாசனை ஆகிய மூன்றும் வேண்டும்.

வாசனை என்று வரும்போது வேக்ஸ் மெல்ட் எனப்படும் வாசனை மெழுகுக் கட்டிகளைப் பார்க்க வேண்டும். திரி இல்லாத சிறு கட்டிகள் இவை. மின் சூடேற்றியிலோ சிறு விளக்கின் மேலுள்ள கிண்ணத்திலோ வைத்தால் உருகி மணம் பரப்பும். திரி இல்லாததால் குழிச் சிக்கல் குறைவு. மாறாக எண்ணெய்க் கசிவு அதிகம், ஏனென்றால் மணத்துக்காக வாசனை எண்ணெயைத் தாராளமாக ஊற்றும் ஆசை வருகிறது. சாதாரண பாரஃபின் தன் எடையில் ஏறத்தாழ மூன்று சதவீத எண்ணெயைத்தான் நிம்மதியாகத் தாங்கும். சோயா மெழுகு ஆறிலிருந்து பத்து சதவீதம்வரை தாங்கும். அதற்கு மேற்பட்டது கட்டியின் மேல் வியர்வைத்துளிபோல் முத்து முத்தாகக் கசியும். அளவு சரியாக இருந்தும் கோடையில் மட்டும் கசிந்தால் குறை கிடங்கின் சூட்டில் இருக்கிறது. எண்ணெயைச் சேர்த்த பிறகு இரண்டு நிமிடமாவது நிதானமாகக் கிளற வேண்டும். இல்லாவிட்டால் அது அடியில் தங்கி, கட்டியின் அடிப்பக்கம் மட்டும் பிசுபிசுக்கும்.

தருமபுரி பூ விளையும் ஊர். மல்லியும் சாமந்தியும் சந்தையில் குவிவதைப் பார்ப்பவர்களுக்கு அவற்றையே மெழுகில் போட்டாலென்ன என்று தோன்றுவது இயல்பு. பச்சைப் பூவிலும் பன்னீரிலும் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீர் மெழுகில் கரையாது. துளியாகப் பிரிந்து பள்ளம் விழச்செய்யும், பூ அழுகிக் கறுக்கும். உலர்ந்த இதழைத் திரி இல்லாத கட்டியின்மேல் அலங்காரமாகப் பதிக்கலாம். திரி உள்ள மெழுகுவர்த்தியில் பதித்தால் இதழே இன்னொரு திரியாகி எரியும். நிறத்திலும் இதே விதிதான். கேசரிப் பவுடர் போன்ற உணவு நிறங்கள் நீரில் கரைபவை. மெழுகில் கரையாமல் அடியில் புள்ளி புள்ளியாக நிற்கும். பள்ளிப் பிள்ளைகளின் கிரேயான் கரைவதுபோல் தோன்றினாலும் அதன் நிறமித் துகள்கள் திரியை அடைத்துச் சுடரைச் சுருக்கும். மெழுகுக்கென்று விற்கும் எண்ணெயில் கரையும் சாயமே ஏற்றது. அதுவும் வெயில் படும் கடை முகப்பில் வெளுக்கும்.

சோயா மெழுகின் தனிக்குறை வெண்பூப்பு. மேலே உறைபனி படிந்ததுபோல் வெள்ளைப் படலம் வரும். கரும்பச்சை, சிவப்பு போன்ற அடர்ந்த நிறங்களில் பளிச்சென்று தெரியும். சோயா மெழுகு தாவர எண்ணெயிலிருந்து வரும் கொழுப்பு. நெய் மெதுவாக ஆறினால் மணல் மணலாக உறைவதைப் போலவே இந்தக் கொழுப்பும் பெரும் படிகங்களாக அமையும்போது வெளுத்துத் தெரிகிறது. பகலில் 38, இரவில் 24 என்று அறைச்சூடு ஏறி இறங்கும் இடத்தில் நன்றாக வார்த்த கட்டியிலும் சில வாரங்களில் பூக்கும். சூடாக ஊற்றாமல், மெழுகு கலங்கிக் கூழ்போலத் தொடங்கும் தறுவாயில், கிளறிவிட்டு ஊற்றினால் படிகங்கள் சிறியவையாகப் பிறக்கும், பூப்பு குறையும். முழுவதும் தடுக்க முடியாது. ஆகவே சோயாவில் வெள்ளை, சந்தனம், இளமஞ்சள் போன்ற வெளிர் நிறங்களையே செய்வது புத்திசாலித்தனம். பூப்பு எரிவதையும் மணத்தையும் பாதிப்பதில்லை.

கண்ணாடி டம்ளரில் வார்த்த மெழுகில் சுவரை ஒட்டி ஈரம் போன்ற திட்டுகள் தெரிவதுண்டு. அங்கே ஈரம் எதுவும் இல்லை. மெழுகு சுருங்கியதால் கண்ணாடியைவிட்டு விலகிய இடம் அது. டம்ளரைக் கழுவி, நன்றாக உலர்த்தி, இளஞ்சூடாக்கி ஊற்றினால் குறையும். இதற்காக வார்த்ததை உடைத்து மறுபடி உருக்குவது வீண்வேலை.

கார்த்திகைக்கு மண் அகலில் மெழுகு நிரப்பி விற்பது இப்போது பரவலாகிவிட்டது. இங்கே நம் வீட்டுப் பழக்கமே குறைக்குக் காரணமாகிறது. புது அகலை எண்ணெய் குடிக்காமலிருக்கத் தண்ணீரில் ஊறவைப்பது வழக்கம். எண்ணெய் விளக்குக்கு அது சரி. மெழுகுக்கு அது கேடு. ஊறிய மண்ணின் நுண்துளைகளில் உள்ள நீரும் காற்றும், 80 டிகிரி மெழுகு பட்டதும் குமிழியாக எழும்பி, மேற்பரப்பில் அம்மைத் தழும்புபோல் துளைகளை விட்டுச்செல்லும். மெழுகும் மண்ணில் பிடிக்காமல் தட்டினால் கழன்றுவரும். அகலை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, உட்புறம் மெல்லிய மெழுகுப்பூச்சு ஒன்று கொடுத்து, அது இறுகிய பிறகு நிரப்ப வேண்டும். நிரப்பும் மெழுகு 65 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். பூசாத அகல் மெழுகையும் வாசனை எண்ணெயையும் உறிஞ்சி வெளிப்புறம் கறையாகும். ஆகவே அதை வெறும் துணி விரித்த மேசையில் வைக்காமல் தட்டில் வைத்து ஏற்றச் சொல்லியே விற்க வேண்டும்.

தேன்மெழுகு தனி உலகம். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைகளைக் கொண்ட மாவட்டத்தில் தேன் எடுத்தபின் அடையைத் தூக்கி எறிவது பொருளை எறிவதற்குச் சமம். நீலகிரியில் 1993-இல் தொடங்கப்பட்ட கீஸ்டோன் அறக்கட்டளை கோத்தகிரியிலிருந்து பழங்குடியினரின் தேனையும் தேன்மெழுகையும் சந்தைக்குக் கொண்டுவந்து, அதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகுகிறது. 85-ஐத் தாண்டினால் நிறம் கறுக்கும். அடையை நீரில் போட்டு உருக்கி வடிகட்டும்போது உப்பு மிகுந்த கிணற்று நீரைப் பயன்படுத்தினால் நீரிலுள்ள கால்சியம் மெழுகின் அமிலங்களோடு கூடி, மெழுகு நுரைத்த பஞ்சுபோல் பொதபொதவென்று ஆகும். அதில் வார்த்தால் மேற்பரப்பு மங்கும். மழைநீரே சிறந்தது, ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தில் வரும் காவிரி நீர் கிடைக்கும் ஊரில் அதுவும் ஆகும். இரும்புச் சட்டியில் உருக்கினால் துருவின் பழுப்பு ஏறும். தேன்மெழுகு வெடிப்புக்கு எளிதில் ஆளாகும். வார்த்த அச்சைத் தண்ணீரில் இறக்காமல், பழைய கம்பளியாலோ சாக்காலோ மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். பாரஃபினுக்குச் சொன்னது இங்கே தலைகீழாகிறது. சில வாரங்களில் அதன்மேல் வெண்சாம்பல் படலம் படியும். பூசணம் என்று பயந்து திருப்பித் தருகிறவர்கள் உண்டு. அது மெழுகிலிருந்தே மேலே வரும் நுண்படலம். மென்மையான துணியால் துடைத்தாலோ ஹேர் டிரையரின் இளஞ்சூட்டைக் காட்டினாலோ போய்விடும். தூய தேன்மெழுகுக்கு அது அடையாளமும்கூட.

திறந்து பார்த்தபின் செய்யக்கூடிய சிகிச்சைகளும் இருக்கின்றன. மங்கிய பாரஃபின் மெழுகுவர்த்தியைத் திரியைப் பிடித்து, 80 டிகிரியைத் தாண்டிய தெளிந்த மெழுகில் ஓரிரு நொடி முக்கி எடுத்து, உடனே குளிர்ந்த நீரில் முக்கினால் பளபளப்பு திரும்பும். மெல்லிய வளையக்கோடும் இதில் மறையும். டம்ளர் மெழுகின் மேடுபள்ளத்தை ஹேர் டிரையரால் மேலாக உருக்கிச் சமன் செய்யலாம். பிசிறைக் கத்தியால் சீவி, பருத்தித் துணியால் தேய்த்தால் போதும். உள்வெடிப்பு, பொந்து, நீர் புகுந்த வெளுப்பு இவற்றுக்கு மேல்பூச்சு மருந்தாகாது. உருக்கி மறுபடி வார்ப்பதுதான். நீர் கலந்த மெழுகை உருக்கியபின் சற்றுநேரம் அசையாமல் வைத்து, அடியில் தங்கும் நீரை விட்டுவிட்டு மேலிருப்பதை மட்டும் எடுக்க வேண்டும். வாசனை சேர்த்த மெழுகு மறுபடி உருகும்போது மணத்தில் ஒரு பங்கை இழக்கும். அதைக் கட்டியாக விற்காமல் சாதாரண மெழுகுவர்த்தியில் கலப்பதே நேர்மை.

காரணம் தேடும்போது ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மெழுகையும் மாற்றி, சூட்டையும் மாற்றி, தொட்டி நீரையும் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே குறை திரும்பும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். ஊற்றிய சூடு, அச்சின் சூடு, தொட்டி நீரின் சூடு, அன்றைய அறைச்சூடு, திறந்தபோது கண்டது என ஒரு வார்ப்புக்கு ஒரு வரி எழுதும் நோட்டு ஓர் ஆண்டு ஓடினால், மழைக்கும் குளிருக்கும் கோடைக்கும் தனித்தனிப் பக்குவம் அந்தக் குழுவின் கையிலேயே சேர்ந்துவிடும். சென்னைக்கோ புதுச்சேரிக்கோ பொருந்திய அளவுகளை வீடியோவில் பார்த்து எழுதிக்கொள்வதைவிட இது பயன்படும்.

இந்த வரிகளை எழுத வெப்பமானி வேண்டும். மெழுகு எவ்வளவு சூடு என்று ஆவியைப் பார்த்தும் விரலால் தொட்டும் சொல்ல முடியாது. 70 டிகிரிக்கும் 85 டிகிரிக்கும் கண்ணுக்கு வேறுபாடு இல்லை, மேற்பரப்பில் மட்டும் வேறுபாடு உண்டு. மெழுகுவர்த்திப் பயிற்சி நடத்துகிறவர்களும், குழுக்களுக்குக் கடன் திட்டம் எழுதிக்கொடுக்கிறவர்களும், அச்சு, மெழுகு, திரி என்று பட்டியலிடும்போது அவற்றுக்கு முன்னால் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு வெப்பமானியை எழுதிச் சேர்க்க வேண்டும்.